பதினேழாம் வீட்டுக்கு ப்ளஸ் 2.6

லைட்ஹவுஸ் குப்பம்,
வியாழக்கிழமை, மத்தியானம்.

என் மனைவிக்கு மூத்த அண்ணனும், எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு முன்னால் வந்து நிற்பவருமான மச்சான் லோகநாதன் அவர்களுக்கு, நண்டு வியாபாரி கங்காதரன் வணக்கம் வைத்து எழுதிக்கொள்வது. அனுப்பம்பட்டில் நீங்களும் அனிதா அக்காவும் பிள்ளைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. மூன்று நாளாக எனக்கிருக்கும் அதிர்ச்சியில் இன்று காலை டீயில் உப்பைப் போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவும்போதுதான் தெரிந்தது.

முதலில் ஒரு வேண்டுகோள். இதை உட்கார்ந்து படியுங்கள். சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். பக்கத்தில் ஸ்டூல் இருந்தால் அக்காவிடம் சொல்லி அப்புறப்படுத்திவிடுங்கள். போன மாசம் கரண்ட் போனதற்கு நீங்கள் ஸ்டூலை உதைத்து, கால் பெருவிரல் வீங்கி, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு மூன்று நாள் டியூட்டிக்குப் போகவில்லை என்று அறிந்து மிகவும் வருந்தினேன். அதே மாதிரி என்னால் இன்னொரு விரல் போக வேண்டாம். போனில் பேசிவிடலாம் என்று நான்கு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை நீங்கள் கட் செய்தீர்கள். இரண்டாவது தடவை "வைடா போன" என்றீர்கள். மூன்றாவதும் நாலாவதும் போகவே இல்லை. போன் சுவரில் பட்டுவிட்டதாக அக்கா தன் போனிலிருந்து சொன்னார்கள். ஆகவேதான் இந்தக் கடிதம். ஐஸ் வண்டி ஓட்டும் மோகன்குமார் உங்கள் ஊர் வழியாகப் போகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் ஒன்றுதான். உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி முனியம்மாவை நீங்கள் சமாதானம் சொல்லி அனுப்பி வைக்க வேண்டும். மற்றதெல்லாம் அது எப்படி நடந்தது என்கிற விவரம். வியாபாரி சுற்றி வளைக்கக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் மகள் திவ்யா காலேஜில் சைக்காலஜி சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். சேர்த்துவிட்டதே நான்தான். எதிராளி மனசில் இன்னா இருக்கிறது என்று படித்த பிள்ளை ஒன்று என் நண்டு ஷெட்டில் இருந்தால், சரக்கு எடுக்கும் மெட்ராஸ்காரர்களிடம் பேசும்போது உதவும் என்று ஒரு கணக்கு. போனால், முதல் வருஷமே அங்கே புள்ளியியல் வைத்திருக்கிறார்கள். மனசுக்கும் கூட்டல் கழித்தலுக்கும் இன்னா சம்பந்தம் என்று அப்போதே எனக்கு ஒரு சந்தேகம். போன மாசம் இரண்டு பரீட்சைப் பேப்பரைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டாள். இங்கிலீஷில் 71, புள்ளியியலில் 62. நான் சிறியதைக் கையில் எடுத்துக்கொண்டு திட்ட ஆரம்பித்தேன். அவள் நான் மூச்சு வாங்குகிற இடத்துக்காகக் காத்திருந்து, "நைனா, அந்த ரெண்டுல அறுபத்திரண்டுதான் பெருசு" என்றாள். எழுபத்தொன்றைவிட அறுபத்திரண்டு பெரியது என்று சொல்லித் தருவதற்கா தினம் ரெண்டு பஸ் மாறிப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் விளக்கியதைக் கேட்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், ஆடிப்போய்விட்டேன். புள்ளியியலில் வகுப்பின் சராசரியே 50தானாம், பிள்ளைகளின் மார்க் அதற்கு மேலும் கீழும் சுமாராக ஆறு ஆறாகச் சிதறிக் கிடக்கிறதாம். அப்படியானால் இவள் இரண்டு படி மேலே ஏறி நிற்கிறாள், ப்ளஸ் இரண்டு. இங்கிலீஷிலோ சராசரி 70, சிதறல் எட்டு. எழுபத்தொன்று என்பது படியில் கால் வைக்கக் கூட இல்லை, சும்மா குதிகாலைத் தூக்கியிருக்கிறாள். மார்க்கை அப்படியே பார்க்கக் கூடாது, கூட வந்ததோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறாள். அட, இது நம் தொழில்தானே மச்சான்! இருநூறு கிராமில் ஒரு இறால் வந்தால் ஊரே கூடிப் பார்க்கும். அதே இருநூறு கிராமில் ஒரு நண்டு வந்தால் போய் வளர்ந்துவிட்டு வா என்று ஏரியிலேயே விட்டுவிடுவோம். இருபத்தெட்டு வருஷமாக நான் செய்துகொண்டிருப்பதற்குப் பேர் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. மறுநாள் அறுபது நண்டை வரிசையாகத் தராசில் வைத்து அவளையே எழுதச் சொன்னேன். சராசரி நானூறு கிராம், சிதறல் நூற்றைம்பது. எண்ணூற்றைம்பது கிராமில் ஒருத்தன் இருந்தான், அவன் ப்ளஸ் மூன்று. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தான். எடையையெல்லாம் படமாகப் போட்டுக் காட்டினாள். இடது பக்கம் உடம்பு குண்டாக, வலது பக்கம் ஒல்லியாக ஒரு வால் நீண்டுகொண்டே போய், பார்க்க அப்படியே கரையில் கிடக்கும் திருக்கை மீன். பெருவெட்டு நண்டு கொஞ்சமாகத்தானே கிடைக்கும், அதனால் வால் அந்தப் பக்கம் போகிறதாம். நான் பார்த்த உடனே சொன்னேன், இந்தத் திருக்கைக்கு இடது பக்கத்தை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று. குட்டி நண்டு என் ஷெட்டுக்கே வராது, படகிலேயே கழித்துவிடுவார்கள். "நீ எட போட்டது ஏரிய இல்லம்மா, என் கூடைய" என்றேன். அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்ட, அவளுடைய புள்ளியியல் டீச்சர் கீதா மேடம் சிவப்பு மையில் 'மிக நல்ல கவனிப்பு' என்று போட்டு அனுப்பியிருந்தார். எட்டாவதோடு நின்றவனுக்கு காலேஜில் மிக நல்ல கவனிப்பு. இந்தத் திமிர்தான் மச்சான் பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம்.

அன்றிலிருந்து கூடையில் எல்லாம் சாக்பீஸால் ப்ளஸ் மைனஸ் போட ஆரம்பித்தேன். ஏற்றுமதிக்கு எடுக்கும் மெட்ராஸ்காரர் போனில், "ப்ளஸ் டூ நண்டுன்னா இன்னாங்க, பன்னெண்டாவது பாஸ் பண்ண நண்டா?" என்று கேட்டார். கேட்டால் கேட்கட்டும். என் மனசில் பதிந்தது இவ்வளவுதான்: ப்ளஸ் என்றால் பெருவெட்டு, எக்ஸ்எல், விமானம் ஏறும். மைனஸ் என்றால் பொடி. அதிலும் மைனஸ் ஒன்றுக்குக் கீழே போனால் பெரும்பாலும் தண்ணி நண்டு. உங்களுக்குத் தெரியாததில்லை, ஓடு கழற்றிவிட்டு இன்னும் சதை பிடிக்காமல் இருக்குமே, அமுக்கினால் உள்ளே தண்ணி மட்டும் இருக்கும், அது. அதை நான் கையில் எடுத்ததும் ஒதுக்கிவிடுவேன்.

இந்த நேரத்தில்தான் திவ்யாவுக்குக் காலேஜில் ஒரு செய்முறைப் பாடம் கொடுத்தார்கள். குப்பத்தில் நாற்பத்திரண்டு வீடு. வீட்டுக்கு இரண்டு பாரம். புருஷனைப் பற்றிப் பொண்டாட்டி எழுத வேண்டும், பொண்டாட்டியைப் பற்றிப் புருஷன் எழுத வேண்டும். இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை'யில் ஆரம்பித்து 'எப்போதும்' வரை ஐந்தில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும், ஒன்று முதல் ஐந்து மார்க். எதை அளக்கிறோம் என்று தெரிந்தால் ஜனங்கள் நல்ல பிள்ளை மாதிரி பதில் சொல்லிவிடுவார்களாம், அதனால் தலைப்பில் 'குடும்ப விவரம்' என்று மட்டும் போட்டிருந்தது. பேர் கிடையாது, கதவு நம்பர் மட்டும். நம் வீடு பதினேழு. என்னிடம் வந்தபோது நான் நண்டுக்குக் கொடுக்குக் கட்டிக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, இல்ல, இல்ல, அதெல்லாம் இல்ல, எப்பனா ஒரு தபா என்று சொல்லிக்கொண்டே போனேன். ரேஷன் கார்டு விவகாரம் என்று நினைத்தேன். மறுநாள் முனியம்மாவும் அவள் பாரத்தை எழுதி, நாலாக மடித்து, என் கண்ணில் காட்டாமல் மகள் கையில் கொடுத்துவிட்டாள்.

போன திங்கட்கிழமை காலையில் திவ்யா குளிக்கப் போயிருந்தாள். டிவி மேல் ஒரு தாள். மேலிருந்து கீழே கதவு நம்பர், நம்பருக்கு நேராக ஒரு கணவர், ஒரு மனைவி. பதினேழு, கணவர், ப்ளஸ் 2.6. நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். மற்ற நாற்பத்தொரு வீட்டையும் விரல் வைத்துப் பார்த்தேன். என் கிட்டே ஒருத்தன் இல்லை, எனக்கு அடுத்தவன் ப்ளஸ் 1.7. அந்த ஆளெல்லாம் எனக்கு ஒரு ஆளா? இதே தாளில் பதினேழு, மனைவி, மைனஸ் 1.8. யாராவது போனில் "செம பெருசு அண்ணா" என்றால், இன்னா பெருசு, நண்டா இறாலா என்று முதல் கேள்வி கேட்கிறவன் நான். அன்றைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை மச்சான். எதை எடை போட்டார்கள் என்று கேட்காமலே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

படகு சேரும் இடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் டீயும் போண்டாவும் சொன்னேன். ஊரிலேயே நான்தான் எக்ஸ்எல், காலேஜில் அளந்து எழுதியே கொடுத்துவிட்டார்கள் என்றேன். ஊர்ப் பெரியவர் பூவரசன் போண்டாவைப் பிட்டுக்கொண்டே, "எதுல ப்ளஸ் கங்காதரா?" என்றார். "எல்லாத்துலயும்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, போண்டா சூடாக இருந்தது.

அங்கேயே நின்றிருக்கலாம். நேராகக் கருவாடு காயும் இடத்துக்குப் போனேன். முனியம்மா, நாகம்மாள், இன்னும் எட்டுப் பத்துப் பேர் வரிசையாகக் குனிந்து மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னா முனியம்மா, நான் ப்ளஸ் ரெண்டு புள்ளி ஆறு, நீ மைனஸ் ஒண்ணு புள்ளி எட்டு. நீ மட்டும் என் ஷெட்டுக்கு வந்திருந்தா தண்ணி நண்டுன்னு ஒதுக்கியிருப்பேன்" என்றேன். தமாஷாகத்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நாகம்மாள் வெற்றிலைச் சாறு சிந்துமளவுக்குச் சிரித்தாள். உங்கள் தங்கை சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. கையிலிருந்த வரிசையை முழுசாகத் திருப்பிப் போட்டு முடித்தாள். கையை உதறினாள். "ஒதுக்குன நண்டு கூடையில இருக்கக் கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான் வெங்காயம் வாங்கப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். மத்தியானம் சட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் அவள் போனது எவ்வளவு தூரம் என்று தெரிந்தது.

சாயங்காலம் திவ்யா பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகம் வெளுத்துப் போய் வந்தாள். வழியிலேயே யாரோ வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"நைனா, அந்தத் தாள பாத்தியா?"

"பாத்தேன். உங்கப்பன் எக்ஸ்எல்."

"நைனா, அது கோவம். வூட்டுல இருக்கறவங்களுக்கு எவ்ளோ கோவம் வரும்னு அளந்தது."

நான் அப்படியே உட்கார்ந்தேன். உட்கார்ந்தது நண்டுக் கூடை மேல். அதில் ஒன்று இன்னும் கட்டாமல் இருந்தது. மேற்கொண்டு அந்த விவரம் வேண்டாம்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். நண்டு எடை மாதிரி இது திருக்கை வடிவம் இல்லையாம். கருவாட்டுக்கு வண்டியில் வந்து கொட்டும் உப்புக் குவியல் மாதிரி, நடுவில் உயரமாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்து இறங்குகிறதாம். ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்த நடுக் குவியலில்தான், ப்ளஸ் ஒன்றுக்கும் மைனஸ் ஒன்றுக்கும் இடையில். வலது பக்கம் கடைசியில் ஒரு கல் மட்டும் தனியாக உருண்டு போய்க் கிடக்கிறது, அது நான். இந்தக் குவியல் வடிவத்தை நம்பினால் ஆயிரம் புருஷன்மார்களை வரிசையாக நிறுத்தினால் ஐந்து பேருக்குத்தான் இவ்வளவு கோபம் இருக்குமாம். ஊர்ப் புருஷன்மார்களின் சராசரி 52, சிதறல் பத்து, என் மார்க் 78. இதற்குத்தான் நான் போண்டா வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பாரத்தைக் காட்டு என்றேன். காட்டக் கூடாது என்றாள். காட்டவில்லை என்றால் நான் இங்கேயே இந்த நண்டோடு உட்கார்ந்திருப்பேன் என்றேன். காட்டினாள். மச்சான், நான் என்றைக்கும் யாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுப் பழக்கமில்லாதவன், உங்களைக் கேட்கிறேன், நீங்களே சொல்லுங்கள். 'கோபத்தில் பொருட்களை உதைப்பாரா?' எப்போதும். நான் எதை உதைத்தேன்? எங்கள் வீட்டில் ஸ்டூலே கிடையாது. 'போனை வீசுவாரா?' அடிக்கடி. ஏழு வருஷமாக ஒரே போன் வைத்திருக்கிறேன், உறை கூட மாற்றவில்லை. 'பஸ், ரயில் தாமதமானால் அங்கிருப்பவர்களிடம் சண்டைக்குப் போவாரா?' எப்போதும். நான் ரயிலில் ஏறி பதினோரு வருஷம் ஆகிறது! ஒரு வேளை நான் ஏறாமலேயே சண்டை போடுகிறேனா? கூட இருந்து பார்க்கிறவளுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது என்கிறார்கள். அன்று ராத்திரி வரை ஷெட்டில் போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்தி, நான் எதையாவது உதைத்துப் பார்த்திருக்கிறாயா என்று விசாரித்தேன். எல்லோரும் இல்லை என்றார்கள். அதைக் கூடப் பயந்துபோய்ச் சொல்கிறார்களோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய அடி அடுத்தது. அப்போ உங்கம்மாவுக்கு மைனஸ் போட்டது எவன் என்று கேட்டேன். "நீதான் நைனா. அம்மாவப் பத்தி நீ சொன்னதுதான். இருவதுல பதினாறுக்கு இல்லவே இல்லன்னு சொன்னே" என்றாள். பாரத்தைப் பார்த்தேன். பதினாறு கேள்விக்கு ஒவ்வொன்று, மீதி நான்குக்கு மும்மூன்று, ஆக மொத்தம் 28. பெண்களுக்குத் தனிக் கணக்காம், சராசரி 46, சிதறல் பத்து. ஊரிலேயே கோபம் குறைந்த பெண்பிள்ளைகளில் ஒருத்தி என் பொண்டாட்டி என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன், நண்டு கட்டிக்கொண்டே. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவளைப் பற்றி நான் இவ்வளவு நல்லதாக யாரிடமும் சொன்னதில்லை. அதைத்தான் மறுபடி பத்துப் பேர் முன்னால் தண்ணி நண்டு என்று அவளிடமே திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கீதா மேடம் திவ்யாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அந்தப் பக்கம் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேடம் சொன்னது என் காதில் விழுந்தது இப்படி: "அந்தப் பதினேழாம் வீடு ரொம்ப ஒதுங்கி நிக்குதும்மா. அவங்கள எடுத்துட்டு நாப்பத்தொரு வீட்ட மட்டும் வச்சுக்கலாமா பாரு." பிரஷ் கீழே விழுந்துவிட்டது. குப்பத்தில் ஒரு வீட்டை ஊர் விலக்கி வைத்தால் இன்னா ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டார்கள், நண்டு கொண்டுவந்து போட மாட்டார்கள், எதிரில் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். கோபக்காரன் என்று காலேஜிலிருந்து சொல்லி ஊரை விட்டு எடுக்கச் சொல்கிறார்களே என்று, வாயில் நுரையோடு நேரே பூவரசன் வீட்டுக்கு ஓடினேன். அவர் என் வாயைப் பார்த்துவிட்டு, எனக்கு நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, நியாயமான பயம்தான், அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம் போட்டுவிட்டார்.

அம்மன் கோயில் முன்னால் ஊரே கூடிவிட்டது. நான் எழுந்து, நான் இந்த ஊருக்கு இன்னா குற்றம் செய்தேன் என்று கேட்டேன். போண்டா தின்ற வாயெல்லாம் தரையைப் பார்த்தது. அப்புறம் திவ்யாவைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு குச்சியை எடுத்து மணலில் அந்த உப்புக் குவியலை வரைந்து, எடுப்பது என்றால் கணக்கிலிருந்து எடுப்பதுதான், ஊரிலிருந்து இல்லை, ஒரே ஒரு ஆள் ரொம்பத் தள்ளி நின்றால் மொத்தச் சராசரியையும் அவர் பக்கம் இழுத்துவிடுவார், அதனால் மேடம் கேட்டார் என்று எல்லோருக்கும் விளக்கினாள். அதோடு முடிந்திருக்க வேண்டும். எங்கே முடிந்தது? ஒவ்வொருத்தனும் எழுந்து என் நம்பர் இன்னா என் நம்பர் இன்னா என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். திவ்யா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், ஒரு நம்பர் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். ப்ளஸ் 1.7 யார் என்பது அன்று கூட்டத்தில் ரொம்பக் கத்தியவனைப் பார்த்து எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, பேரை நான் எழுதவில்லை. கடைசியில் பூவரசன் எழுந்து தீர்ப்புச் சொன்னார்: "ஊர்ல நாப்பத்திரண்டு வூடுன்னா நாப்பத்திரண்டுதான். கோவக்காரன் வூட்ட எடுத்தா நாளைக்கு எந்த வூட்டத்தான் வுடுவாங்க? ஒரு வூட்டயும் எடுக்கக் கூடாது." அதை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, திவ்யா வழியாகக் கீதா மேடத்துக்கு அனுப்பினோம். புள்ளியியலுக்கு ஊர்க்கூட்டத் தீர்மானம் போட்டது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நேற்று மேடம் பதில் அனுப்பினார். ஊர்ப் பெரியவர்கள் சொல்வது சரி, ஒருவர் தள்ளி நிற்கிறார் என்பதற்காக மட்டும் எடுக்கக் கூடாது, எழுதியவரிடமே இன்னொரு முறை கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று. கதவு நம்பரைப் போட்டதற்கும் தாளை டிவி மேல் வைத்ததற்கும் திவ்யாவுக்குத் தனியாகத் திட்டு. ஆகவே அவள் இன்று அவள் அம்மாவுக்குப் போன் செய்யப் போகிறாள். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

மச்சான், நான் மாறிவிட்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து எதையும் உதைக்கவில்லை. முன்பும் உதைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் இப்போது தெரிந்தே உதைக்காமல் இருக்கிறேன். நேற்று ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை, பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். போனை இரண்டு கையால் பிடிக்கிறேன். இனிமேல் ரயில் பக்கமே போக மாட்டேன். வீட்டில் மூன்று நாளாக வெறும் ரசம், அதையும் திவ்யா வைக்கிறாள், குறை சொல்லாமல் சாப்பிடுகிறேன், அதில் இருக்கும் கஷ்டம் சாப்பிட்டுப் பார்த்தவனுக்குத் தெரியும். கருவாடு காயும் இடத்துக்கே போய், நாகம்மாள் முன்னாலேயே, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லத் தயார். நீங்கள் நியாயமானவர், நிதானமானவர். உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு டீக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான் எழுத முடிகிறது.

உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு குறையும் வராமல் அம்மன் பார்த்துக்கொள்வாள். அனிதா அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அவர்கள் புள்ளியியல் பக்கம் போகாமல் படித்து முன்னுக்கு வரட்டும். உங்கள் கால் விரல் சீக்கிரம் தேறட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தையை எதிர்பார்த்து நிற்கும்,
கங்காதரன்,
கதவு எண் 17.

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை, மோகன்குமார் வாசலில் ஹார்ன் அடிக்கிறான். ஆகவே இப்படியே அனுப்புகிறேன். இப்போதுதான் திவ்யா அவள் அம்மாவோடு பேசி முடித்தாள். நீங்கள் அந்த அறையில் தூங்கிக்கொண்டிருந்ததால் முனியம்மா ரகசியமாகப் பேசினாள். பெற்ற பெண் கையில் புருஷனைப் பற்றி எப்படி எழுதிக் கொடுப்பது என்று அவளுக்கு மனசு வரவில்லையாம். பாரத்தை வெறுமனே விட்டால் மகள் படிப்பு கெட்டுவிடும். அதனால், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "எங்க அண்ணன மனசுல வச்சிக்கினு டிக் அடிச்சிட்டேன்டி." எழுபத்தெட்டு உங்களுடையது மச்சான். ஸ்டூல், போன், ரயில் லேட்டானால் நீங்கள் ஸ்டேஷனில் போடும் சண்டை, எல்லாம் இப்போது சரியாகப் பொருந்துகிறது. எந்த வலையில் வந்தது என்று கேட்காமல் எடை போட்டது என் தப்பு.

அப்புறம் திவ்யா என்னைப் பற்றி இருபது கேள்வியையும் புதிதாகக் கேட்டாள். மொத்தம் 53. உங்கள் எழுபத்தெட்டை எடுத்ததும் ஊர்ச் சராசரியும் ஐம்பத்தொன்றரைக்கு இறங்கிவிட்டது, சிதறலும் குறைந்துவிட்டது. புதுக் கணக்கில் நான் ப்ளஸ் புள்ளி இரண்டு. இது எந்தக் கூடை என்று கேட்டேன். "நடுக்கூட நைனா. மீடியம்" என்றாள். மூன்று நாளாக வாங்கிய அடி எல்லாவற்றையும்விட இது என்னைச் சாய்த்துவிட்டது. எனக்குக் கோபம் வேண்டாம், ஆனால் மீடியம் என்றால் இன்னா அர்த்தம்? இதை நான் படகு சேரும் இடத்தில் எப்படிப் போய்ச் சொல்வேன்?

முனியம்மாவிடம் அந்தப் பதினாறு 'இல்ல'யைப் பற்றியும் திவ்யா சொல்லிவிட்டாள். "மீதி நாலு இன்னாவாம்?" என்று கேட்டாள். சில சமயம்னு சொன்னாரும்மா என்றாள் திவ்யா. "அந்த நாலு எதுன்னு நேர்ல வந்து கேட்டுக்கறேன்" என்று பையை எடுக்கப் போய்விட்டாள். ஆகவே நீங்கள் சமாதானம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தயவுசெய்து சொல்லவும் வேண்டாம்.

நீங்கள் அனுப்பம்பட்டு என்பதால் குப்பத்துக் கணக்கில் உங்களை எடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டையும் எடுக்கக் கூடாது என்ற தீர்மானம் வெளியூருக்குச் செல்லாது என்று பூவரசனிடம் கேட்டுக்கொண்டேன். எழுபத்தெட்டு யாருடையது என்பதை அண்ணனிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று முனியம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன், வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் இதே ஐஸ் வண்டியில்தான் திரும்பி வருகிறாள். அவள் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, வண்டி நகர ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை ஜன்னல் வழியாக உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று மோகன்குமாரிடம் சொல்லியிருக்கிறேன்.